போயாங் ஏரிப் போரை முடித்தது தீயா, பட்டினியா?

சுன்னாகத்து ரீச்சர் கேட்டது:

வணக்கம். மாலை வகுப்பில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். பாடத்தை மட்டும் ஒப்பித்தால் பாதி வகுப்பு தூங்கிவிடும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் கடைசி அரை மணி நேரம் பாடத்துக்கு வெளியே ஒரு கதை சொல்வது வழக்கம். இந்த முறை 1363இல் சீனாவில் நடந்த போயாங் ஏரிப் போரை எடுத்துக்கொண்டேன்.

மங்கோலியரின் யுவான் ஆட்சி ஆட்டம் கண்டபோது யாங்சி ஆற்றின் ஓரமாக மூன்று பேர் தனித்தனியே படை திரட்டி அரசு நடத்தினார்கள். மேற்கே, ஆற்றின் மேற்பகுதியில் சென் யோலியாங். நடுவில் நான்ஜிங்கைப் பிடித்துவைத்திருந்த ஜூ யுவான்ஜாங். கிழக்கே சுசோ நகரில், முன்பு உப்புக் கடத்தித் திரிந்த ஜாங் ஷிசெங். சென் மீனவர் குடும்பத்துப் பிள்ளை. ஜூ ஏழை உழவர் குடும்பத்துப் பிள்ளை. 1344இல் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் பெற்றோரைப் பறிகொடுத்துப் பௌத்த மடமொன்றில் ஒதுங்கியவன். சென்னும் ஜூவும் ஏரியில் மோதினார்கள். சென்னிடம் மூன்றடுக்குப் பெருங்கப்பல்கள். ஜூவிடம் சிறிய கலங்கள். சென் தன் கப்பல்களை ஒன்றோடொன்று பிணைத்து வரிசையாக நிறுத்தினான். மாலையில் வடகிழக்குக் காற்று எழுந்தது. ஜூ தீப்படகுகளை அனுப்பினான். நூற்றுக்கணக்கில் எரிந்தன.

அதோடு புத்தகத்தை மூடப் போனேன். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். "ரீச்சர், சண்டை தொடங்கியது ஆகஸ்ட் 30, சென் இறந்தது ஒக்டோபர் 4 என்று பலகையில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் நாளே கப்பல்கள் எரிந்துவிட்டன என்றால், மிச்ச ஐந்து கிழமையும் இரண்டு பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?"

அடுத்த வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று தவணை வாங்கியிருக்கிறேன். இங்கே சீன வரலாறு படிப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். அந்த ஐந்து கிழமைக்கும் விளக்கம் தேவை. சென்னின் பக்கத்தில் 6 இலட்சம் பேர் என்கிறார்களே, அதை அப்படியே சொல்லலாமா? 208இல் சீனப் படைத்தலைவன் சாவ் சாவ் தோற்ற செம்பாறைப் போரிலும் இதே தீக்கதை வருகிறது. இரண்டையும் யாரோ குழப்பிவிட்டார்களோ என்றும் ஐயமாக இருக்கிறது.

கோண்டாவில் வாசகன் எழுதியது:

ரீச்சர், முதலில் அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல பேனை வாங்கிக் கொடுங்கள்.

இரண்டும் வெவ்வேறு போர்கள்தான். இடையில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் போயாங் போரின் முதல் நாட்களை நீங்கள் மிக வேகமாகக் கடந்துவிட்டீர்கள் என்பது என் வருத்தம். இவ்வளவு விறுவிறுப்பான நாட்கள் சீன வரலாற்றிலேயே குறைவு.

முதல் நாளே ஜூவின் கதை முடிந்திருக்க வேண்டியது. அவனுடைய கப்பல் சேற்றில் தட்டி நின்றுவிட்டது. சென்னின் தளபதி ஜாங் திங்பியான் அதைக் கண்டு நேராகப் பாய்ந்து வந்தான். ஜூவின் தளபதி சாங் யூசுன் எய்த அம்பு அவன்மேல் தைத்தது. யூ தோங்ஹாயின் கலங்கள் உதவிக்கு விரைந்து வந்தபோது எழுந்த அலையில்தான் தட்டிய கப்பல் மிதந்தது. ஒரு பேரரசின் எதிர்காலம் அரை முழத் தண்ணீரில் தொங்கிய நேரம் அது.

மறுநாள் காலை நிலைமை இன்னும் மோசம். எதிரிக் கப்பல்களின் உயரத்தைப் பார்த்து ஜூவின் ஆட்கள் பின்வாங்கினார்கள். அணித்தலைவர்கள் பத்துப் பேருக்கு மேல் தலை வெட்டப்பட்டும் ஆட்கள் முன்னே போகவில்லை. அப்போதுதான் குவோ ஷிங் என்ற தளபதி, குற்றம் ஆட்களுடையதல்ல, கப்பல்களின் அளவு சமமில்லை, தீயைத் தவிர வழியில்லை என்று எடுத்துச் சொன்னான். ஏழு படகுகளில் நாணலும் வெடிமருந்தும் ஏற்றினார்கள். வைக்கோல் பொம்மைகளுக்குக் கவசம் அணிவித்து, கையில் ஆயுதம் கொடுத்து நிறுத்தினார்கள். உயிரை வெறுத்த சிலர் அவற்றை ஓட்டிச் சென்றார்கள். காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. சென்னின் தம்பிமார் இருவர் அந்தத் தீயில் மடிந்தார்கள்.

அதற்குப் பிறகு வெள்ளைப் பாய்மரத்தின் கதை. ஜூவின் கப்பலுக்கு மட்டும் பாய்மரம் வெள்ளை. அதைக் குறிவைத்துத் தாக்குவது சென்னின் திட்டம். செய்தி ஜூவுக்கு எட்டியது. விடியும்போது அவன் பக்கத்துப் பாய்மரங்கள் எல்லாம் வெள்ளையாக நின்றன! அப்படியும் ஒரு கட்டத்தில், பக்கத்தில் இருந்த ஆலோசகர் லியு ஜி திடீரென்று துள்ளி எழுந்து, கப்பல் மாறுங்கள் என்று கத்தினார். ஜூ வேறு கப்பலுக்குத் தாவி அமரவும் பழைய கப்பல் வெடிகுண்டில் சிதறவும் சரியாக இருந்தது.

இவ்வளவும் ஒரு வாரத்துக்குள். என்னைக் கேட்டால் போர் அங்கேயே தீர்ந்துவிட்டது. மிச்சம் வெறும் துரத்தல்.

ஊர்காவற்றுறை ஓடாவி எழுதியது:

தம்பி, நன்றாகக் கதை சொல்கிறீர். ஆனால் ஐந்து கிழமையை "வெறும் துரத்தல்" என்று ஒரு சொல்லில் மடித்து வைத்துவிட்டீர். துரத்தியதாக எந்தக் குறிப்பிலும் இல்லை. அந்தக் காலத்தின் பெரும்பகுதியும் ஜூ ஏரியின் வாயை விட்டு அசையவில்லை.

நான் படித்தது பட்டறையில். என் தகப்பனும் பாட்டனும் வள்ளம் கட்டியவர்கள். நானும் கண் மங்கும்வரை கட்டினேன். மகன் சீனாவோடு வியாபாரம் செய்யத் தொடங்கியபோது வாங்கி அனுப்பிய புத்தகங்களை இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறேன். போர்க் கதை படிக்கும்போது எனக்கு முதலில் எழும் கேள்வி, அந்தக் கலம் எந்த வேலைக்காகக் கட்டப்பட்டது என்பதுதான். தீயைப் பற்றிப் பேச எல்லோருக்கும் ஆசை. தண்ணீரைப் பற்றிப் பேச ஆளைக் காணவில்லை.

சென்னின் கப்பல்களை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு அரக்குப் பூசியவை. மூன்று தட்டுகள். குதிரைகளுக்குக் கொட்டில் உள்ளே. துடுப்புத் தள்ளுபவர்கள் இருந்த பகுதிக்கு இரும்புக் கவசம். மேல் தட்டில் இருப்பவன் பேசுவது கீழ்த் தட்டில் இருப்பவனுக்குக் கேட்காது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. காற்றுத் திரும்பும்போது மேலே நிற்பவன் கத்துவதைச் சுக்கானைப் பிடித்திருப்பவன் கேட்க வேண்டாமா?

அப்படிப்பட்ட உயரம் எதற்கு? ஏரியில் சண்டையிட அல்ல. மதில் ஏற. 1360இல் சென் தைப்பிங் நகரைப் பிடித்த விதம் அதுதான். அந்த நகரின் மதில் ஆற்றோரத்தை ஒட்டி நின்றது. ஆறு பெருகியிருந்த நேரத்தில் கப்பலின் பின்பக்கத்தை மதிலோடு சேர்த்துக் கட்டினார்கள். வீரர்கள் அங்கிருந்தே மதிலுக்குத் தாவினார்கள். ஏணி தேவைப்படவில்லை. அருமையான யோசனை, மறுக்க மாட்டேன். அந்த ஒரு வெற்றியின் பிறகு சென் இன்னும் உயரமான கப்பல்களைக் கட்டத் தொடங்கினான்.

1363 ஜூனில் அவற்றைக் கொண்டுவந்து நான்சாங் நகரின் முன்னால் நிறுத்தினான். அந்த நகரம் கான் ஆற்றின் கரையில், ஏரிக்குத் தெற்கே இருக்கிறது. ஜூ அப்போது வடக்கே ஆன்ஃபெங்கில் வேறு சண்டையில் சிக்கியிருந்தான். சென் தேர்ந்தெடுத்த நேரம் சரியான நேரம். ஆனால் முந்திய ஆண்டு அந்த நகரம் ஜூவின் கைக்கு வந்தவுடன் ஒரு வேலை நடந்திருந்தது. ஆற்றோரத்து மதிலை இடித்து, கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டியிருந்தார்கள். அவ்வளவுதான். கப்பலின் பின்பக்கத்துக்கும் மதிலுக்கும் நடுவில் வெறும் நிலம். அத்தனை உயரமும் வீண். சென் இறங்கி நடந்து, மற்றவர்களைப் போலவே மதிலை உடைக்க வேண்டியதாயிற்று.

85 நாட்கள். ஜூவின் அண்ணன் மகன் சூ... மன்னிக்கவும், விசைப்பலகை இழுக்கிறது, ஜூ வென்ஜெங், உள்ளே இருந்து தாக்குப்பிடித்தான். மதிலில் உடைப்பு விழ விழ இரவிலேயே அடைத்தார்கள். ஜாங் ஸிஜோங் என்ற வீரன் சிறிய மீன்பிடிப் படகில் இரவோடு இரவாகத் தப்பி நான்ஜிங்குக்குச் செய்தி கொண்டுபோனான். திரும்பி வரும் வழியில் பிடிபட்டான். நகரைச் சரணடையச் சொல் என்று மதிலுக்கு முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன், படை வருகிறது, பொறுத்திருங்கள் என்று கத்தினான். அங்கேயே கொன்றார்கள். ரீச்சர், வெள்ளிக்கிழமைக்குக் கதை வேண்டுமென்றால் இவனைச் சொல்லுங்கள். வெள்ளைப் பாய்மரத்தை விட இவன் பெரியவன்.

என் கணக்கில் சென் தோற்றது அந்த மதிலுக்கு முன்னால். மூன்று மாத அரிசியை அங்கே தின்று தீர்த்துவிட்டுத்தான் ஏரிக்குள் வருகிறான்.

இனி ஏரி. பாதிக் குழப்பம் நாம் அதைக் கடல் என்று நினைத்துக்கொள்வதால் வருகிறது. ஐந்து ஆறுகள் அதற்குள் விழுகின்றன. வெளியேறும் வழி ஒன்றே ஒன்று. வடக்கு முனையில் ஹூகோ என்ற இடத்தில் யாங்சி ஆற்றோடு சேர்கிறது. கோடைப் பெருக்கில் 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும் ஏரி, குளிர்காலத்தில் 1,000க்கும் கீழே வற்றிச் சேறும் புல்லும் வாய்க்கால்களுமாகிவிடும். இவை இந்தக் காலத்து அளவுகள்; ஆனால் ஏறி இறங்கும் குணம் அன்றும் அதே. ஆகஸ்ட் முடிவில் ஏரி நிறைந்திருக்கும். ஒக்டோபரில் இறங்கத் தொடங்கியிருக்கும். அந்தப் பிள்ளை பலகையில் பார்த்த இரண்டு திகதிகளுக்கும் நடுவில் நடப்பது அதுதான்.

நம்முடைய கடல்நீரேரியில் கோல் ஊன்றித் திரிந்தவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பண்ணையிலும் அராலிப் பக்கத்திலும் ஆள் ஆழமில்லாத இடங்கள் எத்தனை! சோளகக் காற்று ஓயும் காலத்தில் எந்த வாய்க்காலில் ஏரா (வள்ளத்தின் அடிக்கட்டை) தட்டும், எதில் தட்டாது என்பது ஓட்டுபவனின் உள்ளங்காலுக்குத் தெரியும். பாரம் ஏற்றிய பெரிய வள்ளத்துக்கு அந்த வாய்க்கால்களில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும்.

ஜூ செய்த முதல் காரியத்தைக் கவனியுங்கள். நான்சாங்கில் அண்ணன் மகன் சாகக் கிடக்கிறான். அவன் நேராக அங்கே ஓடவில்லை. முதலில் ஹூகோவில் ஆட்களை நிறுத்தி வாயை அடைத்தான். பிறகுதான் ஏரிக்குள் நுழைந்தான். அவன் வருகிறான் என்று கேட்டு முற்றுகையைக் கைவிட்ட சென், ஏரியின் தென்பகுதியில் காங்லாங் மலைக்குப் பக்கத்தில் அவனை எதிர்கொண்டான். தம்பி சொன்ன நாட்கள் அவைதான்.

தீ பெரிய சேதம் செய்தது, உண்மை. ஆனாலும் சென்னிடம் கப்பல் மிச்சம் இருந்தது. ஜூவின் பக்கமும் நொறுங்கியிருந்தது. நல்ல தளபதிகள் பலர் போய்விட்டார்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் அவன் நடு ஏரியில் நின்று இன்னொரு சண்டைக்கு ஆசைப்படவில்லை. இரவில், ஒவ்வொரு கலத்திலும் ஒரு விளக்கை ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாக ஆழமில்லாத நீரைக் கடந்து வடக்கே போய்விட்டான். என் வீட்டுக்காரி கேட்டாள், இதில் என்ன வீரம் இருக்கிறது என்று. இருட்டில் நூற்றுக்கணக்கான கலங்களைத் தட்டாமல் நடத்திச் சென்றிருக்கிறான். அதைவிட வேறு என்ன வேண்டும்?

பிறகு ஏரியின் வாயில் உட்கார்ந்தான். ஆற்றின் இரு கரைகளிலும் வேலி போட்டான். தீப்படகுகளைத் தயாராக வைத்திருந்தான். களங்கண்ணி வலை பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம்: மீனைத் துரத்துவதில்லை, தண்ணீர் இறங்கும்போது அது தானாக வரும்.

உள்ளே சென்னுக்கு அரிசி இல்லை. கிழக்குக் கரையில் தூசாங்குக்குப் படகுகளை அனுப்பித் தானியம் கொள்ளையடிக்கப் பார்த்தான். ஜூ வென்ஜெங் ஆளனுப்பி அந்தப் படகுகளை எரித்தான். அதுவும் தீதான், தம்பி. ஆனால் அதை யாரும் படம் வரைவதில்லை.

அதன்பிறகு சென்னின் இரண்டு தளபதிகளுக்குள் வாக்குவாதம். கப்பல்களைக் கொளுத்திவிட்டுத் தரைவழியாக ஹூனானுக்குப் போவோம் என்கிறான் ஒருவன். கொளுத்தினால் நாம் ஒன்றுமில்லாதவர்கள், நின்று சண்டையிடுவோம் என்கிறான் மற்றவன். சென் முதலாமவன் பக்கம் சாய, மற்றவன் தன் ஆட்களோடு ஜூவிடம் போய்ச் சேர்ந்தான். சிறிது நாளில் முதலாமவனும் போய்விட்டான்! ஆத்திரத்தில் சென், பிடிபட்ட எதிரி வீரர்களைக் கொன்றான். ஜூ தன்னிடம் இருந்த கைதிகளின் காயத்துக்கு மருந்து போட்டு விடுவித்தான். இறந்த எதிரிகளுக்குச் சடங்கும் செய்தான். மனம் நல்லதோ என்னவோ, கணக்கு நல்லது.

ஒக்டோபர் தொடக்கத்தில் சென் வேறு வழியின்றி ஹூகோவை உடைத்து வெளியேற வந்தான். தீப்படகுகள் அவன்மேல் பாய்ந்தன. கலங்கள் கலைந்து ஆற்றோட்டத்தோடு இழுபட்டன. ஜிங்ஜியாங் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்பு அவன் கண்ணுக்குள் புகுந்து மண்டையைத் துளைத்தது.

பிள்ளைக்குப் பதில் இதுதான்: ஐந்து கிழமையும் ஒருவன் பசித்திருந்தான், மற்றவன் காத்திருந்தான்.

மானிப்பாய்ச் சட்டத்தரணி எழுதியது:

ஓடாவி ஐயா, மதிலின் கதை என் கண்ணைத் திறந்தது. ஆனால் தொழில் புத்தி விடாது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யாமல் நான் எதையும் ஏற்பதில்லை.

6 இலட்சம், 2 இலட்சம் என்ற எண்கள் வென்றவர்களின் ஏடுகளிலிருந்து வருபவை. எதிரியை எவ்வளவு பெருக்கினாலும் அது வென்றவனுக்கே பெருமை. இக்கால ஆய்வாளர்கள் இரண்டையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறார்கள். ரீச்சர், "ஏடுகள் 6 இலட்சம் என்கின்றன, நம்புவது கடினம்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். இரு பக்கமும் சேர்ந்து இலட்சக்கணக்கில் இருந்தார்கள் என்பதில் மட்டும் பெரிதாகச் சண்டையில்லை.

ஜூவின் ஆட்சிக் குறிப்புகள் அவன் இறந்த பிறகு தொகுக்கப்பட்டவை. அவனுடைய மகன், அண்ணன் மகனிடமிருந்து அரியணையைப் பறித்துக்கொண்டு யொங்லே பேரரசர் ஆனபின் அவற்றை மறுபடி திருத்தி எழுதச் செய்தார். ஜூ நிறுவிய மிங் வம்சத்தின் அதிகாரபூர்வமான வரலாறு முடிந்ததோ 1739இல், அடுத்த வம்சத்தின் கையால். சென் தரப்பில் எழுத ஒருவரும் மிஞ்சவில்லை. லியு ஜி துள்ளி எழுந்த கதை, சென் கைதிகளைக் கொன்ற கதை, ஜூ மருந்து போட்ட கதை: எல்லாம் ஒரு தரப்புச் சாட்சியம். பொய் என்று சொல்ல வரவில்லை. சென்னும் உத்தமன் அல்லன். 1360இல் தன் தலைவன் ஷூ ஷோஹுயியைக் கொல்வித்துவிட்டுத்தான் தனக்குப் பேரரசர் பட்டம் சூட்டிக்கொண்டான். ஆனால் மதில் தள்ளிக் கட்டப்பட்டதும், ஏரிக்கு ஒரு வாய் இருப்பதும், தண்ணீர் இறங்குவதும் எவரும் புனைய வேண்டிய செய்திகள் அல்ல. அதனால்தான் ஓடாவி ஐயாவின் வாதம் என்னிடம் எடுபடுகிறது.

செம்பாறைப் போரைப் பற்றி: 208இல் தீ வைத்தது உண்மை. ஆனால் இன்று நாம் அறிந்திருக்கும் விரிவான கதைவடிவம் மிங் காலத்தில் பரவியது. போயாங் ஏரியின் நினைவுகள் அதற்குள் கலந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எனவே ரீச்சரின் ஐயம் வீணானதல்ல; குழப்பம் எதிர்த்திசையில் நடந்திருக்கலாம்.

பிள்ளைகளுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றினால் இதையும் சொல்லுங்கள். ஜூ பெற்றோரை இழந்த அதே 1344இல்தான் மொரோக்கோப் பயணி இபன் பதூதா புத்தளத்தில் நம் யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தாளியாக இருந்தார். காலியில் கிடைத்து இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு, 1409ஆம் ஆண்டைத் தாங்கியது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதப்பட்டது. அதைக் கொண்டுவந்தது யொங்லே பேரரசரின் கடற்படைத் தளபதி ஜெங் ஹே. தமிழ்ப் பகுதி தெவிநுவரைக் கோயில் தெய்வமான தெனவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. ஹூகோவில் ஜூ தோற்றிருந்தால் அந்தக் கல் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கிழக்கே இருந்த ஜாங் ஷிசெங் என்ன செய்துகொண்டிருந்தான்? ஜூவின் முழுப் படையும் ஏரியில். நான்ஜிங் ஏறத்தாழக் காலி. புகுந்து பிடித்திருக்கலாமே?

கோண்டாவில் வாசகன் எழுதியது:

ஓடாவி ஐயா, "துரத்தல்" என்ற சொல்லுக்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் தீயை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த இரண்டாம் நாள் இல்லாவிட்டால் வாயை அடைத்து உட்கார ஜூவுக்கு ஆளே இருந்திருக்காது.

ஜாங் ஷிசெங்கைப் பற்றி நான் சொல்கிறேன். அவனிடம் நாட்டிலேயே வளமான நிலம், அரிசி, உப்பு, பட்டு எல்லாம் இருந்தன. ஜூவும் லியு ஜியும் ஆரம்பத்திலிருந்தே இருவரையும் எடைபோட்டு வைத்திருந்தார்கள்: ஜாங் இருப்பதைக் காப்பவன், சென் பாய்கிறவன், ஆகவே முதலில் சென். 1360இலும் சென் கூப்பிட்டபோது ஜாங் வரவில்லை. 1363இலும் அசையவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1367இல், சுசோவை முற்றுகையிட்டு அவனையும் பிடித்தார்கள்.

ஊர்காவற்றுறை ஓடாவி எழுதியது:

விட்டுக்கொடுக்க வேண்டாம் தம்பி. தீ அவனை உயிரோடு வைத்திருந்தது என்பது சரி. வென்று கொடுத்தது எது என்பதில்தான் நமக்குள் வழக்கு.

சட்டத்தரணி ஐயா கேட்ட கேள்வியை ஜூவும் தனக்குள் கேட்டிருக்கிறான். போர் முடிந்தபின் லியு ஜியிடம், நான் ஆன்ஃபெங்குக்குப் போயிருக்கக் கூடாது, நான் இல்லாத நேரத்தில் சென் நேராக ஆற்றோட்டத்தோடு இறங்கி நான்ஜிங்குக்கு வந்திருந்தால் எனக்குப் போக்கிடம் இல்லை என்று சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. சென் அப்படி வராமல் நான்சாங் மதிலில் போய் முட்டினான். மதில் ஏறும் கப்பலைக் கட்டியவனுக்குக் கண்ணில் மதில்தான் படும்.

1360இல் நான்ஜிங்குக்கு வந்து பட்டது நினைவில் இருந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது சென்னின் பழைய நண்பன் காங் மாவ்சாய், உள்ளே இருந்து உதவுகிறேன், மரப்பாலத்தடிக்கு வா என்று பொய்க் கடிதம் அனுப்பினான். சென் வந்து பார்த்தால் பாலம் கல்லால் கட்டப்பட்டிருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டான், பதில் இல்லை. பதுங்கியிருந்த படை எழுந்தது. திரும்பி ஓடப் பார்த்தால் நீர் வற்றிக் கப்பல்கள் சேற்றில் தட்டி நின்றன. நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜூவின் கையில் சிக்கின. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீர் அவனை ஒருமுறை காட்டிக்கொடுத்திருக்கிறது. அதற்குப் பிறகும் இன்னும் பெரிதாகக் கட்டினான் பாருங்கள்! என் பட்டறையில் ஒரு பெடியன் அப்படிச் செய்திருந்தால் உளியைப் பிடுங்கியிருப்பேன்.

சுன்னாகத்து ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வகுப்புக்குக் கேட்டேன், ஒரு தவணைக்குத் தந்துவிட்டீர்கள். அந்தப் பிள்ளைக்கு இந்த உரையாடலைக் கைத்தொலைபேசியில் காட்டினேன். உடனே அடுத்த கேள்வி வந்துவிட்டது: "கப்பல்களைக் கொளுத்திவிட்டுத் தரைவழியாகப் போயிருந்தால் சென் பிழைத்திருப்பானா?" ஓடாவி ஐயாதான் சொல்ல வேண்டுமாம்.

படம் ஒன்றும் வரையச் சொல்லியிருக்கிறேன். எந்த இடங்களைக் குறிக்கச் சொல்லலாம்?

ஊர்காவற்றுறை ஓடாவி எழுதியது:

படத்தில் முதலில் யாங்சி ஆற்றை மேற்கிலிருந்து கிழக்காக இழுக்கச் சொல்லுங்கள். மேற்கே வுசாங், அது சென்னின் தலைநகர். கிழக்கே நான்ஜிங். நடுவில் ஆற்றுக்குத் தெற்கே ஏரி. வடபகுதி ஒடுங்கியும் தென்பகுதி அகன்றும் இருக்க வேண்டும். ஒடுங்கிய முனையில் ஹூகோ. தென்மேற்கில் நான்சாங், தெற்கில் காங்லாங் மலை, வடகிழக்குக் கரையில் தூசாங். இவ்வளவு போதும். தூசாங்கை மறந்துவிட வேண்டாம். அரிசி அங்கே இருந்தது.

மற்றக் கேள்விக்கு வருகிறேன். பிழைத்திருக்கலாம். செப்டெம்பர் நடுவிலேயே கப்பல்களைக் கைவிட்டிருந்தால் பசித்த படையாக இருந்தாலும் ஒரு படை மிஞ்சியிருக்கும். வுசாங் அவன் கையில்தான் இருந்தது. முடிவெடுப்பதற்குள் தளபதிகள் போய்விட்டார்கள். அப்படியெல்லாம் கட்டிய கலத்தைக் கொளுத்துவது லேசான காரியமல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கொளுத்தியிருக்க வேண்டும்.

தப்பிப் போனவன் ஒருவன் இருக்கிறான் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். ஜாங் திங்பியான்; முதல் நாள் ஜூவின் கப்பலை மடக்கிய அதே ஆள். சென் விழுந்த அன்று இரவு, அவனுடைய உடலையும் இளைய மகன் சென் லீயையும் ஒரு சிறிய படகில் ஏற்றிக்கொண்டு காவலுக்குள் புகுந்து வுசாங் போய்ச் சேர்ந்தான். மூன்றடுக்குக் கப்பல்களால் தப்ப முடியாத காவலைச் சிறிய படகு கடந்தது. வுசாங்கில் பையனுக்கு முடி சூட்டினான். 1364இல் ஜூ நேரில் வந்து நின்றபோது பையன் நகரைக் கொடுத்துவிட்டான். ஜூ அவனைக் கொல்லவில்லை. 1368இல் மிங் ஆட்சி தொடங்கி, 1372இல் சென் லீயைக் கொரியாவுக்கு அனுப்பிவைத்தார்கள்.

இது பரீட்சைக்கு வராது. வாங்கில் இருக்கும் அந்தப் பிள்ளை கேட்பாள், அதனால் எழுதினேன்.